மலையகத்துக் கடைக்கும் அலுவலகத்துக்கும் பைண்டிங் மெஷின்: தெரிவு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று எந்த நகரத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தாலும் பைண்டிங் வேலை தேடி வரும். கொப்பியில் ஒரு தாளுக்கு மிஞ்சுவது சில்லறைதான். அதே தாள்களைக் கட்டிக் கொடுத்தால் கூலி தனியாக நிற்கும். அப்படியிருந்தும் வாங்கிய மெஷின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிற கடைகள் உண்டு. ஒன்று, கடைக்கு வரும் வேலைக்கு அந்த மெஷின் பொருந்தவில்லை. இல்லாவிட்டால், அதற்குரிய வளையமோ கம்பியோ பசையோ மலைக்கு ஒழுங்காக வந்து சேர்வதில்லை. வாங்குவதற்கு முன்பே இந்த இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

1. முதலில் வேலையை எண்ணுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்புக் கொப்பி போட்டு, பைண்டிங் கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை புத்தகம், ஒவ்வொன்றிலும் எத்தனை தாள், தாளின் அளவு, பிறகு தாள் சேர்க்கவோ கழற்றவோ வேண்டுமா, எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்ற ஐந்தும் போதும். திருப்பி அனுப்பிய வேலையையும் எழுதுங்கள். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்தையும் தாளையும் குழப்ப வேண்டாம். வகுப்பில் கொடுக்கும் பாடக் குறிப்பான டியூட் 160 பக்கம் என்றால், இரண்டு பக்கமும் அடித்தால் 80 தாள். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிராமில்) தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், ஆகவே 100 தாள் 10 மி.மீ., 500 தாள் கொண்ட ஒரு ரீம் 50 மி.மீ. 70 ஜிஎஸ்எம் தாள் இதைவிடச் சற்று மெல்லியது. இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் வளைய அளவு, ஸ்டேப்ளர் பின்னின் நீளம், முதுகின் அகலம் எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடலாம்.

புத்தக எண்ணிக்கையைப் பார்த்து மெஷின் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். மெஷினைத் தேய வைப்பதும் ஆளைக் களைக்க வைப்பதும் துளை போடும் வேலை. உதாரணத்துக்கு, உயர்தர வகுப்பு ஆசிரியர் ஒருவர் 60 பிள்ளைகளுக்கு 80 தாள் டியூட் கேட்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 4,800 தாள். ஒரு தடவைக்கு 12 தாள் வீதம் துளைத்தால் கைப்பிடியை 400 தடவை இழுக்க வேண்டும். தாளைத் தட்டிச் சீராக்கி, உள்ளே வைத்து, இழுத்து, வெளியே எடுக்க 12 வினாடி என்றால் துளைக்க மட்டும் 80 நிமிடம். இது மாதத்தில் ஒரு நாள் வரும் வேலையென்றால் கை மெஷின் தாராளமாகப் போதும். வாரத்தில் மூன்று நாள் வந்தால் மோட்டாரால் துளைக்கும் பஞ்ச் மெஷின் பற்றி யோசிக்க வேண்டும்.

2. எந்த வேலைக்கு எந்தக் கட்டு

வாடிக்கையாளர் பெரும்பாலும் "ரிங் போட்டுக் கொடுங்க" என்பார். பிளாஸ்டிக் சீப்பு வளையம், சுருள் கொயில், இரட்டைக் கம்பி மூன்றும் அவருக்கு ரிங்தான். மேசையில் மூன்று மாதிரிகளையும் ஒரு டேப் பைண்டிங் மாதிரியையும் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பாதித் தகராறு அதோடு தீரும்.

சீப்பு வளையம். ஏ4 தாளுக்கு 21 பற்கள், நீள்சதுரத் துளை. வளையத்தை மறுபடி திறந்து தாள் மாற்றலாம். தோட்ட ஆபீஸ், பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், கோயில் பரிபாலன சபை போன்ற, வருடத்தின் நடுவில் தாள் சேர்க்க வேண்டிய இடங்களுக்கு இதுவே சரி. மெஷினும் வளையமும் மலிவு. 6 மி.மீ. முதல் 51 மி.மீ. வரை வளையங்கள் வருவதால் மிகத் தடித்த அறிக்கையையும் கட்டலாம். புத்தகத்தை முழுதாகப் பின்னால் மடிக்க முடியாது, பிள்ளைகளின் பையில் நசுங்கினால் பற்கள் கழன்றுவிடும் என்பவை இதன் குறைகள்.

சுருள் கொயில். சிறிய வட்டத் துளைகள் வழியே பிளாஸ்டிக் சுருளைச் சுழற்றி ஏற்றுவது. 360 பாகை மடிக்கலாம், நசுங்கினாலும் பழைய வடிவுக்குத் திரும்பும். தினமும் பையில் போகிற டியூட்டுக்கு இதைவிட நல்ல கட்டு இல்லை. பாடசாலைப் பிள்ளைகளை நம்பி நடக்கும் கடைக்கு முதல் மெஷினாகவே கொயிலை எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. கொயிலின் விட்டம் புத்தகத்தின் தடிப்பைவிட 3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

இரட்டைக் கம்பி. பார்வைக்கு மிகத் துப்புரவானது. ஹோட்டல் மெனு, திட்ட அறிக்கை, டிசம்பரில் வரும் கலண்டர் எல்லாம் இதில்தான் எடுபடும். இதில் 3:1, 2:1 என்று இரு இடைவெளிகள் உண்டு. 3:1 என்றால் ஓர் அங்குலத்தில் மூன்று துளை, ஏ4க்கு 34 கண்ணிகள், 14.3 மி.மீ. கம்பி வரை, அதாவது ஏறக்குறைய 120 தாள் வரைதான். அதற்கு மேல் 2:1 வேண்டும். 23 கண்ணிகள், 16 முதல் 32 மி.மீ. வரை. ஒன்றின் கம்பி மற்றதின் துளைக்குள் போகவே போகாது. இரண்டையும் துளைக்கும் மெஷின் என்று விற்பவர் சொன்னால் அச்சு (துளை வெட்டும் ஊசித் தொகுதி) மாற்றக்கூடியதா, இரண்டாவது அச்சு விலையில் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

டேப் பைண்டிங். கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளுக்கு இன்னமும் இதை வெல்ல ஆளில்லை. ஹெவி டியூட்டி ஸ்டேப்ளரும் துணி டேப்பும் போதும். இதன் செய்முறை பின்னால் வருகிறது.

பசைக் கட்டு. பாடப்புத்தகம் போலத் தட்டையான முதுகோடு வருவது. நினைவு மலர், சஞ்சிகை, கவிதைத் தொகுதி அடிக்கிற கடைக்கே பொருந்தும். பசை மெஷினோடு தடிப்பான அடுக்கை வெட்டும் கில்லட்டினும் கட்டாயம் வேண்டும். மூன்று பக்கமும் வெட்டாத பசைப் புத்தகத்தை விற்க முடியாது. இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லாவிட்டால் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள்.

முதுகில் பசை ஒட்டி வரும் வெப்ப உறைகள். சிறிய அலுவலகங்களுக்கு வசதி. ஆனால் உறை ஒவ்வொரு தடிப்புக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். கொழும்பிலிருந்து சாமான் வரப் பார்த்திருக்கும் கடைக்கு இது தலைவலி.

கெட்டி அட்டைக் கட்டு. பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவர்களும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி, கொட்டகலை ஆசிரியர் கலாசாலைப் பயிலுநர்களும் ஆய்வேடும் ஒப்படையும் செய்வார்கள். இதற்கு மெஷினைவிடக் கைப்பழக்கம்தான் முக்கியம். ஊசி, நூல், அழுத்தி, 2 மி.மீ. மில் போர்ட் எனும் கெட்டி அட்டை, மேலே ஒட்டும் றெக்சின் (தோல் போன்ற துணி), பசை போதும். அட்டையின் நிறத்தையும் எழுத்தின் இடத்தையும் நிறுவனமே தீர்மானிப்பதால், எழுத்தில் உள்ள அறிவுறுத்தலைப் பார்க்காமல் கையை வைக்காதீர்கள்.

3. சாமான் கிடைக்குமா என்று பாருங்கள்

மெஷின் ஒரு முறைச் செலவு. வளையமும் கொயிலும் ஒவ்வொரு கிழமையும் வரும் செலவு. பெரும்பாலான சாமான் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்தோ கண்டியிலிருந்தோ வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழையில் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மண் சரிந்தால் அவிசாவளையிலிருந்து ஏறும் ஏ7 வீதி தடைப்படலாம். பதுளை, பசறைப் பக்கத்துக்கு டிசம்பர், ஜனவரி மழைதான் சோதனை. ஆகவே மழைக்கு முன் இரண்டு மாதச் சாமான் கையில் இருக்க வேண்டும்.

மெஷினுக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு கடைகளில் அதற்குரிய வளையத்தை விசாரியுங்கள். ஒரே ஒரு இறக்குமதியாளரிடம் மட்டும் சாமான் கிடைக்கும் மெஷின், எவ்வளவு அழகாக இருந்தாலும், மலைக்கு வேண்டாம். சீப்பு வளையத்தில் இந்தக் கவலை குறைவு; 21 பல் எங்கேயும் 21 பல்தான். கொயிலில்தான் வழுக்குவார்கள். பெரும்பாலும் அங்குலத்துக்கு நான்கு துளை, அதாவது 6.35 மி.மீ. இடைவெளி. ஆனால் வேறு இடைவெளி உள்ள மெஷின்களும் விற்பனையில் உண்டு. உங்கள் மெஷினில் துளைத்த ஒரு தாளை எப்போதும் பையில் வைத்திருங்கள். கொயில் வாங்கும்போது அந்தத் தாளின் முழு நீளத்துக்கும் சுழற்றிப் பார்த்த பிறகே பெட்டியை எடுங்கள்.

சீப்பு வளையத்தில் தொடக்கத்துக்கு 8, 10, 12, 16, 19, 25 மி.மீ. போதும். 80 ஜிஎஸ்எம் தாளில் இவை ஏறத்தாழ 40, 55, 80, 130, 150, 200 தாள்களைத் தாங்கும். சிறிய வளையங்கள் பெட்டிக்கு 100, பெரியவை 50 என்று வருவது வழக்கம். கறுப்பும் நீலமும் எடுங்கள், மற்ற நிறங்கள் தேங்கும்.

கூலியை நிர்ணயிக்கும்போது வளையத்தின் விலையோடு முன் ட்ரான்ஸ்பேரன்ட் ஷீட், பின் அட்டை, பேருந்திலோ லொறியிலோ சாமான் ஏற்றி வந்த செலவு, பழுதாகும் சாமான், ஆள் நேரம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகையைக் கழித்து ஒரு புத்தகத்தில் மிஞ்சுவதால் மெஷின் விலையைப் பிரித்தால், எத்தனையாவது புத்தகத்தில் போட்ட முதல் திரும்பும் என்று தெரியும். உங்கள் இரண்டு வாரக் கொப்பியில் உள்ள எண்ணிக்கைப்படி அது ஒரு வருடத்தைத் தாண்டினால் சிறிய மெஷினுக்கு இறங்குங்கள்.

4. கடையில் மெஷினைச் சோதிக்கும் முறை

நீங்கள் வழக்கமாகப் பாவிக்கும் தாளில் அரை ரீமும், உங்கள் ட்ரான்ஸ்பேரன்ட் ஷீட் நான்கும், பின் அட்டை நான்கும் கொண்டு போங்கள். விற்பவர் தரும் மெல்லிய தாளில் சோதிப்பதால் பயனில்லை.

விளம்பரத்தில் "20 தாள்" என்று இருந்தால் நாள் முழுவதும் செய்யக்கூடியது 12 முதல் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 புதிய அச்சில், உலர்ந்த தாளில், ஒரே ஒரு தடவை எடுத்த அளவு. 12 தாளை வைத்துத் தொடர்ந்து 20 தடவை இழுத்துப் பாருங்கள். கடைசித் தடவைக்கும் முதல் தடவை மாதிரியே இழுபட வேண்டும். மெஷின் மேசையில் நகர்ந்தால் அடிப்பாகம் பாரம் குறைவு. ஒரே விலையில் உள்ள கொயில் மெஷின் சீப்பு மெஷினைவிடக் குறைவான தாளைத் துளைப்பது குற்றமல்ல. 21 ஊசிக்குப் பதில் 46 ஊசி வெட்டுகிறது, அதற்குக் கூடுதல் பலம் போகும்.

அடுத்து துளையைப் பாருங்கள். முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் விளிம்பிலிருந்து உள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளவுங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் தாளின் ஓரம் முட்டி நிற்கும் பக்க நிறுத்தியைத் திருகித் திருத்த முடிகிறதா என்று பாருங்கள். சீப்புத் துளையில் இந்தச் சோதனை மிக முக்கியம்: 21 துளையும் 297 மி.மீ. தாளில் உட்கார்ந்த பின் இரு முனையிலும் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர்தான். நிறுத்தி 2 மி.மீ. நகர்ந்தாலே கடைசித் துளை விளிம்பை உடைத்துக்கொண்டு வரும். கொயிலில் ஏ4க்கு 46 துளை எடுத்தால் இரு முனையிலும் மூன்றரை மி.மீ. கிடைக்கும், 47 ஆனால் முனைத் துளை விளிம்பைத் தொட்டுவிடும். ஆகவே ஊசிகளைத் தனித்தனியாக வெளியே இழுத்து நிறுத்தக்கூடிய மெஷினாகப் பாருங்கள். ஏ5 டியூட்டுக்கும், தோட்ட ஆபீஸ்களில் இன்னும் புழங்கும் நீளமான லீகல் தாளுக்கும் இந்த வசதி இல்லாமல் முடியாது. லீகல் தாளின் நீளம் 14 அங்குலம் என்பதால் தாள் வாயின் ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும்.

துளையின் ஓரத்தை விரலால் தடவுங்கள். நார் நாராக இருந்தால் அச்சு மழுங்கியிருக்கிறது. பாவித்த மெஷின் வாங்குபவர் இதிலேயே முடிவெடுக்கலாம். ஊசி உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்ற முடியுமா, அந்த ஊசி இங்கே கிடைக்குமா என்பதையும் கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மோட்டார் மெஷின் என்றால் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். நமக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானில் பாவித்துவிட்டு வரும் மெஷின்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. அவற்றை நேரே செருகினால் எரிந்துவிடும்; மின்மாற்றி வைத்தால் அதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கரண்ட் நின்றால் ஊசிகள் தாளுக்குள் சிக்கிய நிலையில் மெஷின் நின்றுவிடும். கையால் விடுவிக்கும் பிடி இருக்கிறதா என்று சுவிட்சை நடுவில் அணைத்துப் பாருங்கள். இடி மழைக்கு அடிக்கடி கரண்ட் போகிற ஊர்களில், துளைப்பதற்கு மோட்டாரும் கட்டுவதற்குக் கைப்பிடியும் உள்ள மெஷின் எடுத்தால் துளைத்து வைத்த தாள்களையாவது இருட்டுவதற்குள் முடித்துக் கொடுக்கலாம்.

5. கட்டும் முறையும் கெடுகிற இடங்களும்

எந்த வளையமானாலும் ஆரம்பம் ஒன்றே. கொப்பி மெஷினிலிருந்து வந்த தாள் சூடாகவும் சற்று வளைந்தும் ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கும். உடனே துளைத்தால் துளைகள் வரிசை மாறும். பத்து நிமிடம் ஆறவிட்டு, விசிறி, இரு பக்கமும் தட்டி எடுங்கள். இடது ஓரத்தில் 20 முதல் 25 மி.மீ. வெற்றிடம் விட்டு அச்சடித்திருக்க வேண்டும். டைப்செட்டிங் செய்யும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பிறகு எழுத்தில் துளை விழுந்தது என்று சண்டை வராது.

சீப்பு வளையத்துக்கு, துளையின் ஆழத்தை மெல்லிய புத்தகத்துக்குக் குறைத்தும் தடித்ததற்குக் கூட்டியும் வையுங்கள். ஆழம் குறைந்தால் தாள் கிழியும், கூடினால் புரட்டும்போது சிக்கும். ட்ரான்ஸ்பேரன்ட் ஷீட்டை ஒன்று அல்லது இரண்டாக, அடியில் ஒரு கழிவுத் தாள் வைத்துத் துளையுங்கள். தனியாகத் துளைத்தால் பிளாஸ்டிக் அச்சுக்குள் இழுபட்டு மடங்கும். வளையத்தைத் திறப்பானில் மாட்டி, தாள் உள்ளே போகும் அளவுக்கு மட்டும் திறவுங்கள். நுவரெலியாக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். முழுக்கத் திறந்தால் முறியும் அல்லது பிறகு மூடிக்கொள்ளாது. காலையில் அன்றைக்கு வேண்டிய வளையங்களை மெஷின் அறையிலேயே எடுத்து வையுங்கள்.

கொயிலில், துளைத்த அடுக்கை முதுகுப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து முதல் நான்கைந்து துளைக்குள் கையால் சுழற்றி, பிறகு கொயிலைச் சுழற்றி ஏற்றும் உருளையில் வையுங்கள். பாதியில் நின்றால் தள்ள வேண்டாம். ஏதோ ஒரு கட்டுத் தாள் நிறுத்தியைத் தொடாமல் துளைபட்டிருக்கும். அந்தக் கட்டைக் கண்டுபிடித்து மாற்றுவதுதான் வழி. இரு முனையையும் கொயில் வெட்டும் குறடால் வெட்டி உள்நோக்கி வளையுங்கள். சாதாரண கத்தரியால் வெட்டிவிட்டால் கூர் முனை பிள்ளையின் கையைக் கீறும், கொயிலும் நாளடைவில் சுழன்று வெளியே வரும்.

கம்பியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பின் அட்டையை அடுக்கின் பின்னால் வைக்காமல், முன் அட்டைக்கு மேலே வைத்துக் கம்பியில் மாட்டி அழுத்துங்கள். முடிந்ததும் பின் அட்டையை மட்டும் சுற்றிப் பின்னால் கொண்டுபோனால், கம்பி மூடிய தையல் கடைசித் தாளுக்கும் பின் அட்டைக்கும் நடுவில் மறைந்துவிடும். அழுத்தியின் அளவை முதலில் ஒரு சுற்றுப் பெரிதாக வைத்து, சிறிது சிறிதாக இறக்குங்கள். குறைய அழுத்தினால் தாள் கழன்று விழும். அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் வட்டம் முட்டை வடிவமாகிப் புரட்ட முடியாது, அதைத் திருத்தவும் முடியாது. கம்பி வெட்டியே எறிய வேண்டியதுதான்.

டேப் பைண்டிங்குக்கு 23 வரிசைப் பின் எடுக்கும் ஹெவி டியூட்டி ஸ்டேப்ளர் வேண்டும். பெட்டியில் 23/10, 23/13 என்று இருக்கும் இரண்டாவது எண் பின் காலின் நீளம் மில்லிமீற்றரில். அது புத்தகத் தடிப்பைவிட 3 மி.மீ. அளவு நீளமாக இருக்க வேண்டும். 100 தாள் 10 மி.மீ. ஆகையால் 23/13. கால் குட்டையானால் பின்னால் மடியாது, நீண்டால் வளைந்து டேப்பைக் குத்திக்கொண்டு வரும். விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே, மேல், நடு, கீழ் என்று மூன்று பின் அடியுங்கள். மேல்முனைப் பின்னும் கீழ்முனைப் பின்னும் ஓரத்திலிருந்து 3 சென்றிமீற்றர் தள்ளி இருக்கட்டும். பின் மேட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்திவிட்டு, 48 மி.மீ. துணி டேப்பை முன் அட்டையில் பாதி ஒட்டி, முதுகைச் சுற்றி, பின் அட்டையில் மீதியை இழுத்து ஒட்டுங்கள். முதுகில் காற்றுப் புகாமல் துணியால் அமுக்கித் தேயுங்கள். முலாம் பூசாத மலிவுப் பின் ஈரத்தில் துருப்பிடித்து முதல் தாள்களில் செங்கறை விடும். ஹட்டன், வட்டவளைப் பக்கத்து மழைக்கு இது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

6. பசையும் குளிரும்

பசைக் கட்டு எடுக்கத் துணிந்தவருக்கு மலைக் குளிர்தான் முதல் எதிரி. சாதாரண சூட்டுப் பசை 160 முதல் 180 பாகை செல்சியஸில் உருகி வேலை செய்யும். கட்டி உருக அரை மணிக்குக் குறையாமல் பிடிக்கும். அதிகாலையில் இன்னும் பிந்தும். தாளும் அட்டையும் குளிர்ந்திருந்தால் பசை முதுகைத் தொட்டதும் இறுகி, அட்டையைக் கவ்வாது. பார்த்தால் ஒட்டியது போலிருக்கும், இரண்டு நாளில் அட்டை உரிந்து வரும். வேலைக்கு முதல் நாள் இரவே தாளை மெஷின் இருக்கும் அறைக்குக் கொண்டு வந்து, கதவு திறந்த ஜன்னலோரத்தில் மெஷினை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகைச் சீவி எடுத்த தூசியைத் தூரிகையால் துடைத்த பிறகே பசைக்குக் கொண்டு போக வேண்டும். தூசிமேல் பசை பிடிக்காது.

ஈரத் தாளில் வேறொரு கோளாறு வரும். சூட்டில் ஈரம் ஆவியாகிப் பசையில் குமிழ் விடும். குமிழ் உள்ள இடத்தில் தாள் கழலும். பளபளப்பான ஆர்ட் பேப்பரைச் சாதாரண சூட்டுப் பசை பிடிக்காது. அத்தகைய மலர் வந்தால் நூல் தைத்த பிறகு பசை போடுங்கள், அல்லது நடுவில் பின் அடிக்கும் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். 30 தாளுக்குக் குறைந்த புத்தகத்துக்குப் பசைக் கட்டு வேண்டவே வேண்டாம்.

அட்டை அச்சடிக்கும்போதே முதுகின் அகலம் தெரிய வேண்டும். 120 தாள் என்றால் 12 மி.மீ.; ஆனாலும் எழுத்தை வடிவமைப்பதற்கு முன் உண்மையான அடுக்கைக் கையால் அமுக்கி அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். ஈரம் குடித்த தாள் கணக்கைவிடத் தடித்திருக்கும். புத்தகம் ஆறியதும் நடுப்பக்கத்தை விரித்து ஒரு தாளைப் பிடித்து நேராக இழுங்கள். தாள் கிழிந்தால் கட்டு நல்லது, முழுதாக உருவி வந்தால் முழுத் தொகுதியையும் நிறுத்திவிட்டுச் சூட்டைச் சரிபாருங்கள்.

கெட்டி அட்டையிலும் குளிரும் மழையும் பொறுமையைச் சோதிக்கும். வெள்ளைப் பசை காய, வெயில் காலத்தில் ஓர் இரவு போதுமென்றால், அடைமழையில் இரண்டு நாள் எடுக்கும். மாணவனிடம் நாள் சொல்லும்போது இதைக் கூட்டிச் சொல்லுங்கள். றெக்சின் ஒட்டிய பக்கம் அட்டையை இழுப்பதால் அட்டை வளையும். உள்பக்கத் தாளை ஒட்டி, இரண்டு பலகைக்கு நடுவில் பாரம் வைத்து, நன்றாகக் காயும் வரை எடுக்காமல் விட்டால் இரு பக்க இழுப்பும் சமமாகும். மில் போர்ட்டின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். அட்டையை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள்; எளிதாக வளையும் மடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே நார் ஓட்டம்.

7. ஈரத்திலிருந்து மெஷினையும் தாளையும் காப்பது

ரீம் கட்டுகளை நிலத்தில் வைக்காதீர்கள். 10 சென்றிமீற்றர் உயரப் பலகை மேல், வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி அடுக்குங்கள். உறையைப் பிரித்த ரீமை அன்றே முடிக்கப் பாருங்கள். மிஞ்சினால் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். ஈரத் தாள் மெத்தென்று ஆகி, துளைக்கும்போது வெட்டுப்படாமல் நசுங்கும். மழைக்காலத்தில் ஒரு தடவைக்கு 12 தாள் எடுத்த மெஷினுக்கு 9 அல்லது 10 கொடுங்கள்.

துளைத் துண்டு விழும் தட்டை ஒவ்வொரு நாளும் காலி செய்ய வேண்டும். நிரம்பினால் துண்டுகள் மேலே ஏறி ஊசியை அடைத்து வளைக்கும். ஊசி முறிவதற்குப் பெரும்பாலும் இதுவும் அளவுக்கு மீறிய தாளும்தான் காரணம். மாதத்துக்கு ஒரு முறை தையல் மெஷின் எண்ணெய் சில துளிகளைத் துணியில் நனைத்து ஊசிகளில் பூசி, கழிவுத் தாளை எண்ணெய்க் கறை வராமல் போகும் வரை துளையுங்கள். இரவில் பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். பருத்தித் துணி போர்த்துவது நல்லது. கம்பிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள்.

வாங்கிய அன்றே உதிரி ஊசி நான்கு, பக்க நிறுத்தியின் திருகு இரண்டு, கொயில் குறடு ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் இருந்தாலும், திருத்துநர் கொழும்பிலிருந்து வர வேண்டுமா, மெஷினை நீங்கள் அனுப்ப வேண்டுமா, அனுப்பினால் கூலி யாருடையது என்பதை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி, கடை முத்திரையோடு வாங்கி வையுங்கள்.